இல்லாத பிரேக்

கடற்கரைக்குப் போகிற வழியில் எல்லாம் ஓர் இரும்புக் கம்பியைத் தலைக்கு மேலே குறுக்கே கட்டி வைத்திருக்கிறார்கள். எங்கள் கேரவன் அந்தக் கம்பியைவிட ஒரு சாண் உயரம். கார்க்காரன் போகலாம், ஸ்கூட்டர்க்காரன் போகலாம், நாயை இழுத்துக்கொண்டு நடப்பவன் போகலாம். கடலைப் பார்ப்பதற்கென்றே இத்தனை பெரிய வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்த நான் மட்டும் போகக் கூடாது. முதல் ஊரிலும் கம்பி, அடுத்த ஊரிலும் கம்பி. அதற்கடுத்த ஊரில் கம்பியைக் காணோமே என்று சந்தோஷப்பட்டு உள்ளே திரும்பினால், அது மீன் கிடங்கின் பின்வாசல். திரும்ப இடமில்லாமல் ரிவர்ஸிலேயே வெளியே வந்தோம். ஐஸ் லாரிக்காரன் ஒருவன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி என்னைக் கேட்டான்.

"வண்டி ஓட்டக் கத்துக்கிட்டு ரோட்டுக்கு வரக் கூடாதா, பெரியவரே?"

யாரைப் பார்த்துக் கேட்கிறோம் என்று அந்த மடையனுக்குத் தெரியாது. எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவன் நான். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறேன். பயிற்சிக் காரில் வாத்தியார் உட்காருகிற பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். மாணவன் தப்பு செய்தால் நாம் மிதித்து நிறுத்திவிடலாம். அந்தப் பிரேக்கிலிருந்து நான் காலை எடுப்பதே இல்லை என்று சொல்லி, பிள்ளைகள் எனக்கு 'பிரேக் சார்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முதுகுக்குப் பின்னால்தான் கூப்பிடுவார்கள். எனக்கென்ன, காது கேட்காதா?

இந்தப் பயணமே என் மனைவியின் யோசனை. கேரவன் என்றதும் சினிமா நடிகர்கள் கால் நீட்டிப் படுத்திருப்பார்களே, அந்த மாதிரி ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு பணத்தைக் கட்டிவிட்டாள். வந்து நின்றது ஒரு பழைய வேன், அதன் முதுகில் ஒரு தகரப் பெட்டி. அலமாரிக் கதவைத் திறந்தால் கழிப்பறைக் கதவு திறக்காது. ஒருவர் எழுந்து நின்றால் மற்ற இருவரும் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். எனக்கு ஒதுக்கப்பட்ட படுக்கை டிரைவர் சீட்டுக்கு மேலே. ஏணி போட்டு ஏறி, தவழ்ந்து உள்ளே போய், புரண்டு படுத்தால் கூரை மூக்கில் இடிக்கும். பிணத்தைக்கூட இதைவிட விசாலமான பெட்டியில்தான் வைப்பார்கள் என்று சொன்னேன். "வந்த இடத்துல நல்ல வார்த்தை பேசுங்க" என்றாள் மனைவி.

அவள் அப்படித்தான். துணி துவைக்கும் இயந்திரம் விற்கிற ஒரு கம்பெனியில், குறை கேட்கும் பிரிவில் வேலை. மெஷின் ஓடவில்லை என்று ஒருவர் போனில் காட்டுக் கத்தல் கத்துவார்; இவள் வெண்ணெயில் ஊறிய குரலில் அவரைத் தணித்து வைப்பாள். பிறகு மெக்கானிக்கைக் கூப்பிட்டு, "கஸ்டமர் ரொம்ப வருத்தப்பட்டாங்கப்பா, உன்னைத் திட்டினதுக்கு" என்பாள். மறுபடி கஸ்டமரைக் கூப்பிட்டு, "மெக்கானிக் ரொம்ப வருத்தப்பட்டாருங்க, லேட்டானதுக்கு" என்பாள். இரண்டு பேரும் அப்படி எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் மெஷின் ஓடிவிடும்.

இப்போது என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் இந்தத் தகரப் பெட்டிக்குள் முழங்காலை மடக்கிக்கொண்டு ஏறியதே அவளுக்காகத்தான்.

அவள் என்னிடமே தொழில் கற்று, என் பள்ளியிலேயே வாத்தியாராக இருந்தவள். போன மழைக்காலத்தில் ஒரு நாள், ஒரு வங்கி அதிகாரி அம்மாளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் பின் சீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். மேட்டில் வண்டியை நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி எடுக்கிற பாடம். அந்தம்மாள் எடுக்கும்போதெல்லாம் இன்ஜின் அணைந்து போகிறது. பின்னால் வண்டிகள் வரிசை கட்டி நின்று ஹாரன் அடிக்கின்றன. என் மகளோ, "இன்னொரு தடவை பாருங்க, ஒரு அவசரமும் இல்ல" என்று தாலாட்டுப் பாடுகிற மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறாள். எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ. "நீ இறங்கு, நான் சொல்லிக் குடுக்கிறேன்" என்று நடுரோட்டில், மாணவியின் முன்னால், அவளை இறக்கிவிட்டேன். இறங்கி நடந்தாள். அன்று சாயங்காலமே பெட்டியைக் கட்டிக்கொண்டு தோழியின் அறைக்குப் போய்விட்டாள்.

அதோடு எங்களுக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோனது. என் மனைவி மட்டும் ஞாயிறுதோறும் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். அப்படி ஒரு ஞாயிறு வந்து, கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னாள். "உங்க பொண்ணு மன்னிப்புக் கேட்டுட்டா. நடந்ததை அப்பா மறந்துடணும்னு சொன்னா."

நான் பெரிய மனிதன் மாதிரி, "சரி, சரி" என்று தலையை ஆட்டினேன். உள்ளுக்குள் குதித்தேன் என்பதுதான் உண்மை. அவள் போன பிறகு பள்ளி பள்ளியாகவே இல்லை. சாயங்காலம் காரைக் கழுவும்போது எதிரில் நின்று, "அப்பா, அந்த மட்கார்டுல சேறு அப்படியே இருக்கு" என்று குறை சொல்ல ஆளில்லை. வாயைத் திறந்து வா என்று கூப்பிட என் கௌரவம் விடவில்லை. அவளே இறங்கி வந்துவிட்டாள் என்றால் அப்புறம் என்ன? பயணம் முடிவதற்குள் அவளைப் பள்ளிக்குத் திரும்ப வரச் சொல்லிவிட வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியது. கடலும் மணலும் என் மனைவியின் பங்கு.

ஆனால் கிளம்பிய முதல் நாளிலிருந்தே எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. மன்னிப்புக் கேட்டவள் மாதிரி அவள் நடந்துகொள்ளவே இல்லை.

வண்டிச் சாவியை வாடகைக்கு விட்டவர் நீட்டியதும் அவள்தான் முந்திக்கொண்டு வாங்கினாள். "நீங்க உட்காருங்கப்பா, நான் ஓட்டுறேன்." சரி, ஓட்டட்டும். மரியாதைக்காகச் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நடுவில் ஒரு மணி நேரம் மட்டும் ஸ்டியரிங் என் கைக்கு வந்தது; மீன் கிடங்கில் போய் மாட்டிக்கொண்டது அப்போதுதான். என் மனைவி, எங்கள் இருவரையும் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, தான் பின்னால் சாப்பாட்டு மேசையருகே போய் உட்கார்ந்துகொண்டாள். அதில் ஏதோ திட்டம் இருக்கிறது என்பது எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் என் கால் சும்மா இருக்காது. வளைவு வந்தால் மிதிக்கும், சந்திலிருந்து சைக்கிள் வந்தால் மிதிக்கும், எதிரே ஒரு பிளாஸ்டிக் பை பறந்து வந்தாலும் மிதிக்கும். கேரவனில் அங்கே பிரேக் கிடையாது, ஒரு ரப்பர் விரிப்புதான் கிடக்கிறது. அதைத்தான் தொம் தொம் என்று மிதித்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, காலு" என்றாள்.

"காலுக்கு என்ன?"

"எதை மிதிக்கிறீங்க?"

"எதையும் மிதிக்கல. கால் மரத்துப்போச்சு."

"நான் ஓட்டுறது பிடிக்கலன்னா சொல்லுங்க, நிறுத்திட்டு இறங்கிடறேன்."

"அய்யோ, அங்க பாருங்க கடல்!" என்று பின்னாலிருந்து மனைவி கத்தினாள். பார்த்தோம். பெயிண்ட் கடையின் பின்பக்கச் சுவருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே, ஒரு துணிப்பட்டை அகலத்துக்குக் கடல் தெரிந்தது.

இரண்டாம் நாள் ஒரு கேரவன் முகாமில் தங்கினோம். அங்கே இன்னொரு கொடுமை. கழிப்பறைக்கு அடியில் இருக்கிற கழிவுத் தொட்டியை நாமே உருவி எடுத்து, சக்கரம் வைத்த பெட்டியைப் போல இழுத்துக்கொண்டு போய், முகாமின் மூலையில் உள்ள குழியில் கவிழ்க்க வேண்டும். இழுத்துக்கொண்டு போகும்போது எதிரே வருகிறவர்கள் எல்லாம் "குட் மார்னிங்" சொல்கிறார்கள். கையில் என்ன இருக்கிறது என்று தெரிந்தும் சொல்கிறார்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மகள் கூட வந்தாள். நான் மூடியைத் திறக்கத் தெரியாமல் திருகியதில், கொஞ்சம் என் செருப்பிலும் பட்டுவிட்டது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு குழாயடியில் காலைக் காட்டிக்கொண்டு நின்றபோது, அவள் மெல்ல ஆரம்பித்தாள்.

"அப்பா, அந்த விஷயத்தை நான் அப்பவே மனசுல இருந்து எடுத்துட்டேன். அதைப் பத்தி நீங்க இனிமே வருத்தப்பட வேண்டாம்."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நான் எதற்கு வருத்தப்பட வேண்டும்? மன்னிப்புக் கேட்டவள், மன்னிக்கிறவள் மாதிரி பேசுகிறாளே! போகட்டும், சின்னப் பெண், வார்த்தை தடுமாறுகிறது என்று நானாகவே சமாதானம் செய்துகொண்டு, என் பங்குக்குப் பெருந்தன்மையைக் காட்டினேன்.

"நானும் மறந்துட்டேம்மா. உன்மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல."

"என்மேலயா?"

"ஆமா. இளவயசு, தப்புப் பண்ணுறது சகஜம்தானே."

அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. காலித் தொட்டியை என் கையிலிருந்து பிடுங்கி, கடகடவென்று இழுத்துக்கொண்டு எனக்கு முன்னால் போய்விட்டாள். மற்றொரு "குட் மார்னிங்"குக்கு நான் பதிலே சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் வண்டிக்கு வெளியே மடக்கு நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்திருந்தோம். காலடியில் மணல் இல்லை, ஜல்லி. மனைவி முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள். இதற்கு மேலும் தள்ளிப்போடுவதில் அர்த்தமில்லை என்று நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வந்தேன்.

"ஊருக்குப் போனதும் நேரா பள்ளிக்கு வந்துடு. வெள்ளைக் கார் உனக்குத்தான். உன் மாணவர்களையும் உன்கிட்டயே விட்டுடறேன்."

"இனிமே என் பாடத்துல தலையிட மாட்டேன்னு சொன்னீங்களே, அதுவும் நிஜமாப்பா?"

"நான் எப்ப சொன்…"

"மழை!" என்று அலறினாள் மனைவி. "மழை வருது, நாற்காலியை எல்லாம் எடுத்து உள்ள வைங்க, சீக்கிரம்!"

நான் அண்ணாந்து பார்த்தேன். துடைத்து வைத்த மாதிரி இருந்தது வானம். ஒரு பொட்டு மேகம் கிடையாது. ஆனாலும் மூன்று பேரும் நாற்காலிகளை மடக்கிக்கொண்டு உள்ளே ஏறி, புழுக்கத்தில் வியர்வையோடு உட்கார்ந்து முட்டை சாப்பிட்டோம். முட்டையில் உப்பே இல்லை. கேட்டால், "கை தவறிடுச்சு" என்றாள். கேரவன் அடுப்பு பழக்கமில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்ட என் புத்தியை என்ன சொல்ல.

மறுநாள் மதியம், துறைமுக ஊர் ஒன்றுக்கு இறங்குகிற மலைச்சாலை. மகள்தான் ஓட்டினாள். ஒரு பக்கம் கல் சுவர், மறுபக்கம் கீழே வீட்டுக் கூரைகள், அதற்கும் கீழே கட்டி வைத்த படகுகள். அன்றைக்குத்தான் கடல் முழுசாகத் தெரிந்தது. ஆனால் நான் எங்கே கடலைப் பார்த்தேன்? என் கண் எல்லாம் சாலையில். காலடியில் இருந்த ரப்பர் விரிப்பு மிதிபட்டு மிதிபட்டுச் சுருண்டு போயிருந்தது. அவள் கண்டும் காணாதவள் போல ஓட்டிக்கொண்டிருந்தாள். தாடை மட்டும் இறுகியிருந்தது.

கீழ் வளைவிலிருந்து ஒரு தண்ணீர் லாரி முக்கி முனகிக்கொண்டு மேலே ஏறி வந்தது. சாலையின் பாதிக்கு மேல் அதுவே அடைத்துக்கொண்டிருந்தது. அவள் அதை எப்போதோ பார்த்துவிட்டாள் என்பது எனக்கு இப்போது தெரியும். கியரைக் குறைத்து, வேகத்தைக் குறைத்து, சுவர்ப்பக்கம் ஒதுங்க ஆரம்பித்திருந்தாள். நான் அதையெல்லாம் பார்க்கவில்லை. லாரியின் முகத்தை மட்டும்தான் பார்த்தேன். கால் மிதித்தது, வண்டி நிற்கவில்லை. எப்படி நிற்கும்? அடுத்த கணம் என் கை போய், இரண்டு சீட்டுக்கும் நடுவே இருந்த ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்துவிட்டது.

பின்சக்கரங்கள் கிறீச்சிட்டன. வண்டியின் பின்புறம் ஒரு பக்கமாக வழுக்கி, தகரப் பெட்டி முழுவதும் ஒரு குலுக்குக் குலுங்கியது. மேல் அலமாரிகள் பட்பட்டென்று திறந்துகொண்டன. சர்க்கரை டப்பா, ரொட்டி, வெங்காயம், கெட்டில், தட்டுகள் எல்லாம் என் மனைவியின் தலையில் வந்து கொட்டின. பின்னால் வந்த கார் முட்டுவது போல் வந்து நின்று ஹாரனை அழுத்திப் பிடித்தது. மகள் என் கையைத் தட்டிவிட்டு, ஹேண்ட்பிரேக்கை இறக்கி, ஸ்டியரிங்கை நேராக்கி, சுவரைத் தொடாமல் வண்டியைக் காப்பாற்றினாள். தண்ணீர் லாரி எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தன் பாட்டுக்கு ஏறிப் போனது. அதற்குப் போக வேண்டிய இடம் தாராளமாக இருந்தது.

கொஞ்ச தூரம் தள்ளி, பஸ் நிறுத்தத்துக்கு எதிரே சாலை சற்று அகலமாகிற இடத்தில் அவள் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தாள்.

"அம்மா, அடி பட்டுச்சா?"

"இல்லம்மா. சர்க்கரைதான்."

பிறகு என் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"மன்னிப்புக் கேட்டுட்டு மறுபடியும் அதையே செய்றீங்களேப்பா. அப்புறம் எதுக்கு மன்னிப்புக் கேட்டீங்க?"

"யாரு மன்னிப்புக் கேட்டது? நானா? நீதானே கேட்ட!"

"நானா? நான் எதுக்குக் கேக்கணும்? நடுரோட்டுல இறக்கிவிட்டது நீங்க. நீங்கதானே அம்மாகிட்ட அழுதுகிட்டே சொல்லி அனுப்பினீங்க, 'தப்புப் பண்ணிட்டேன், அவளை வந்துடச் சொல்லு'ன்னு."

"அழுதேனா? நானா அழுதேன்?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பின்னால் திரும்பினோம்.

என் மனைவி தரையில், கொட்டிய சர்க்கரைக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். தலைமுடியில் வெங்காயச் சருகு ஒட்டியிருந்தது. மடியில் கெட்டில். அவள் முகத்தில் பயத்தைத்தான் எதிர்பார்த்தேன். ஆனால் முப்பது வருடக் குடித்தனத்தில் நான் பார்த்திராத ஒரு கோபம் அதில் இருந்தது.

"ஆமா, நான்தான் சொன்னேன். இவர்கிட்ட நீ கேட்டேன்னு சொன்னேன், உன்கிட்ட இவர் கேட்டாருன்னு சொன்னேன். இப்ப என்ன? என்னைத் தூக்குல போடுங்க."

"எதுக்கும்மா இப்படிப் பொய்…"

"பொய்யா? ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நான் கிளம்பும்போது இந்த மனுஷன் வாசல்ல வந்து நின்னுகிட்டு, அவ ரூம்ல ஃபேன் ஓடுதா, தண்ணி நல்லா வருதான்னு கேப்பாரு. அங்க வந்தா நீ, அப்பாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கு, மாத்திரை போடுறாரான்னு கேப்ப. அதுக்கெல்லாம் என்ன அர்த்தம்? நான் அர்த்தத்தைத்தான் சொன்னேன். கம்பெனியில ஊர் பேர் தெரியாதவங்க எல்லாம் நான் சொன்னா சமாதானமாயிடறாங்க. என் வீட்டுல ரெண்டே ரெண்டு பேரு, என்னால முடியல. போதும். எனக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு."

கெட்டிலைத் தரையில் டொக்கென்று வைத்தாள். பின்னால் நின்ற கார்க்காரன் எங்களைத் தாண்டிப் போகும்போது ஜன்னலை இறக்கி ஏதோ திட்டினான்.

மகள் எழுந்து, படுக்கைக்கு அடியிலிருந்து தன் பையை இழுத்தாள். துணிகளை அதில் திணித்தாள். அம்மாவின் தலையிலிருந்த வெங்காயச் சருகை எடுத்துப் போட்டு, குனிந்து கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, கதவைத் திறந்து இறங்கிப் போனாள். சாலையைக் கடந்து பஸ் நிறுத்தத்துப் பலகையில் போய் உட்கார்ந்தாள்.

யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. மனைவிமேலா? அவள் சர்க்கரையை உள்ளங்கையால் கூட்டிக்கொண்டிருந்தாள். மகள்மேலா? தண்ணீர் லாரிக்காரன்மேலா? இந்த நாசமாய்ப் போன வாடகைப் பெட்டிமேலா? இத்தனை நாளும் அவள் இறங்கி வந்துவிட்டாள் என்று நினைத்து ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தேனே, அந்த வெட்கம்தான் எல்லாவற்றையும்விட அதிகமாக எரிந்தது. அவளும் அப்படித்தானே நினைத்திருப்பாள். 'அப்பா அழுதார்' என்று நம்பி, அந்த நம்பிக்கையோடு வந்து மூன்று நாள் என் கால் மிதிக்கிற சத்தத்தைப் பொறுத்துக்கொண்டிருக்கிறாள்.

"பஸ் வந்துடும்" என்றாள் மனைவி, தரையைப் பார்த்தபடி. "என்னைப் போகச் சொல்லாதீங்க. நான் போக மாட்டேன்."

நான் இறங்கினேன். சாலையைக் கடக்கும்போதே மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டேன். மன்னிப்புதானே? கேட்டுவிட்டால் போயிற்று. கேட்டால் அவள் எழுந்து வருவாள், வண்டி நகரும், ஊருக்குப் போனதும் வெள்ளைக் கார் மறுபடி ஓடும். ஒரு வார்த்தைக்கு இத்தனையும் கிடைக்கிறது என்றால் கேட்பதற்கென்ன.

பலகையின் மறுகோடியில் உட்கார்ந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பேசினாள்.

"அப்பா, நீங்க என்ன சொன்னாலும் நான் பள்ளிக்குத் திரும்ப வரல. ஒரு பஸ் கம்பெனியில வேலை கிடைச்சிருக்கு. புது டிரைவர்களுக்கு டிரெயினிங் குடுக்கிற வேலை. ரொம்ப தூரம். சரின்னு சொல்லிட்டேன். அம்மாவுக்கும் தெரியாது. உங்ககிட்ட நானே நேர்ல சொல்லணும்னுதான் இந்த டிரிப்புக்கே வந்தேன்."

"எப்ப போற?"

"அடுத்த வாரம்."

"நான் மன்னிப்புக் கேட்டேன்னு அம்மா சொன்னாளே, அதை நம்பின பிறகுமா?"

"ஆமாப்பா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. கோபத்துல போகல. போகணும்னு இருக்கு, போறேன்."

ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் வீணாகிவிட்டது. இனி நான் கேட்டாலும் ஒன்றுதான், கேட்காவிட்டாலும் ஒன்றுதான். அவள் போகத்தான் போகிறாள். அப்புறம் எதற்கு நான் தலைகுனிய வேண்டும்? எழுந்து போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது. உண்மையாகவே எழுந்துவிட்டேன். வளைவில் பஸ்ஸின் முகம் தெரிந்தது. அவளும் எழுந்து பையைத் தோளில் மாட்டினாள். பட்டை முறுக்கிக்கொண்டிருந்தது. அதை நேராக்கப் போன என் கை பாதியிலேயே நின்றது.

"அன்னைக்கு நான் உன்னை இறக்கிவிட்டது தப்பு" என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"அந்தம்மா அடுத்த தடவை சரியா எடுத்திருப்பாங்க. அது எனக்குத் தெரிஞ்சிருச்சு. உன் குரலைக் கேட்டு அவங்க கை நடுக்கம் நின்னுபோச்சு. என்கிட்ட கத்துக்கிட்டவங்களுக்கு ஒருநாளும் அப்படி நின்னதில்ல, பயத்துலயேதான் கத்துக்கிட்டாங்க. பின் சீட்டுல உட்கார்ந்து அதைப் பார்த்துகிட்டு இருந்தேன். தாங்க முடியல. அதான் இறக்கிவிட்டேன். ஹாரன் அடிச்சாங்க, அவசரம்னு சொன்னதெல்லாம் சும்மா."

பஸ் வந்து நின்றது. கதவு புஸ்ஸென்று திறந்தது. அவள் ஏறவில்லை.

"இப்பவும் தப்புதான்" என்றேன். "லாரியைப் பார்த்து நீ முன்னாடியே வேகத்தைக் குறைச்சிருந்த. நான்தான் பார்க்கல. என்னை மன்னிச்சிரும்மா."

"ஏறுறீங்களா, இல்லையா?" என்றார் பஸ் டிரைவர்.

அவள் கண் நிறைந்துவிட்டது. என்னை ஒரு கையால் இழுத்து, நெற்றி என் தோளில் இடிக்கும்படி அணைத்துக்கொண்டு, உடனே விட்டுவிட்டாள். "பார்த்து ஓட்டுங்கப்பா. அந்த வளைவுல ரெண்டாவது கியர்லயே இறங்குங்க" என்று சொல்லிவிட்டுப் படியேறினாள். கதவு மூடிக்கொண்டது. பஸ் கிளம்பி, மேட்டில் ஏறி, வளைவில் திரும்பி மறைந்தது.

பள்ளிக்கு அவள் இனி வர மாட்டாள். சாலையைக் கடக்க நின்ற அந்த நேரத்தில்தான் அது எனக்கு முழுசாக உறைத்தது. இரண்டு மூன்று கார்கள் போக வழிவிட்டு, அப்புறமும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். மறுபக்கம் போனால் அவள் போய்விட்டாள் என்பது உறுதியாகிவிடும் போல இருந்தது.

கேரவனில் ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். என் மனைவி முன்னால் வந்து, பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். அழுதிருக்கிறாள். கையில் கைபேசி தயாராக இருந்தது.

"என்ன ஆச்சு? போயிட்டாளே! அவகிட்ட என்ன சொல்லணும்? சொல்லுங்க, நான் இப்பவே பேசறேன், பக்குவமா எடுத்துச் சொல்றேன்."

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றேன். "நானே சொல்லிட்டேன்."